தமிழ் வலைப்பக்கங்களில் பத்திக்குப் பத்தி ஒப்பனை வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கைப்பேசித் திரையை இருள் நிறத்துக்கு மாற்றிக்கொண்டு இரவில் படிப்பவர்கள் இன்று பலர். அவர்கள் பழைய தமிழ்க் கட்டுரை ஒன்றைத் திறக்கும்போது, தலைப்பு மட்டும் தெளிவாகத் தெரிய, அதன்கீழ் உள்ள பத்திகள் கருமையில் கரைந்து கிடப்பதைக் கண்டிருப்பார்கள். ஒவ்வொரு பத்தியின் தொடக்கக் குறியிலும் ‘எழுத்து கறுப்பு’ என்று யாரோ ஒருவர் தனித்தனியாக எழுதி வைத்திருப்பதே இதற்குக் காரணம். பின்னணி மாறினாலும் அந்தக் கறுப்பு மாறாது. நிறம், அளவு, எழுத்துரு, இடைவெளி ஆகியவற்றை வலைப்பக்கத்தின் கட்டமைப்பை எழுதும் எச்டிஎம்எல் மொழியின் குறிகளுக்குள்ளேயே எழுதிவிடும் இந்த முறைக்கு ‘இன்லைன் ஸ்டைல்’ என்று பெயர். நம் தளங்கள் இதைக் கைவிட்டு, பக்கத்தின் தோற்றத்தைத் தனியே எழுதும் சிஎஸ்எஸ் மொழியின் கிளாஸ்களுக்கு (பெயரிட்ட தோற்ற விதிகளுக்கு) மாறவேண்டும் என்பதை வலியுறுத்தவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அச்சுத் தொழில் அறிந்தவர்களுக்கு இது புதிய செய்தி அன்று. பேஜ்மேக்கர் என்ற மென்பொருளில் நூலுக்குப் பக்கம் கட்டியவர்கள் ‘உபதலைப்பு’ என்று ஒரு ஸ்டைலை ஒருமுறை அமைத்துக்கொண்டு, நூலில் உபதலைப்பு வரும் இடங்களிலெல்லாம் அந்தப் பெயரை மட்டும் சுட்டுவார்கள். எழுத்தின் அளவை 16 புள்ளியிலிருந்து 14 ஆகக் குறைக்கவேண்டும் என்று பதிப்பாளர் கடைசி நேரத்தில் கேட்டாலும், ஓரிடத்தில் திருத்தினால் நூல் முழுவதும் திருந்திவிடும். வலைப்பக்கத்தில் கிளாஸ் செய்வதும் அதே வேலைதான். இந்தப் பகுதி மேற்கோள், இது படவிளக்கம் என்று எச்டிஎம்எல்லில் பெயர் மட்டும் இருக்கும். அவை எப்படித் தோன்றவேண்டும் என்பது ‘ஸ்டைல்ஷீட்’ எனப்படும் தனியான சிஎஸ்எஸ் கோப்பில் இருக்கும்.

இந்த ஏற்பாடு நேற்று வந்ததும் அன்று. கணினி வல்லுநர் ஹோகோன் வியும் லீ 1994 அக்டோபரில் இதற்கான முன்மொழிவை வெளியிட்டார். பெர்ட் போஸுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய முதல் சிஎஸ்எஸ் வரையறையை இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 1996 டிசம்பரில் ஏற்றது. அடுத்த ஆண்டே வெளிவந்த எச்டிஎம்எல் 4.0, எழுத்துருவைக் குறிக்கும் ‘ஃபாண்ட்’ குறியைத் தவிர்க்கவேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்துவிட்டது.

ஆனால் அந்த ஆண்டுகளில் தமிழ்த் தளங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். தமிழ் எழுத்துகள் அப்போது ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் அமர்ந்திருந்தன. நாளிதழுக்கு ஓர் எழுத்துரு, நிறுவனத்துக்கு ஒரு குறியீட்டு முறை என்றிருந்த காலம் அது. எழுத்துருவின் பெயரைக் குறிக்காவிட்டால் கட்டுரை முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். ஒரு வாக்கியத்தின் நடுவே ஆங்கிலச் சொல் வந்தால் தமிழ் எழுத்துருக் குறியை மூடி, அந்தச் சொல்லை எழுதி, மீண்டும் குறியைத் திறக்கவேண்டும். தமிழைத் திரையில் கொண்டுவந்து சேர்க்க அந்தத் தலைமுறை பட்ட பாடு மதிக்கத்தக்கது. பின்னர், ஒவ்வொரு மொழியின் எழுத்துகளுக்கும் தனி இடம் தரும் யூனிகோடு பரவி, 2010இல் தமிழ்நாடு அரசும் அதைத் தரமாக ஏற்றபின், அந்தத் தேவை முற்றிலும் நீங்கியது. குறிகள் மட்டும் நீங்கவில்லை. பழைய கட்டுரைகள் யூனிகோடுக்கு மாற்றப்பட்டபோது எழுத்துகள் மாறினவே தவிர, அவற்றைச் சுற்றியிருந்த குறிகள் பல இடங்களில் அப்படியே தங்கிவிட்டன. புதிய கட்டுரைகளிலோ வேர்டு கோப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது ‘லதா’ எழுத்துரு, புள்ளிக் கணக்கில் அளவு, அசையாத வரி உயரம் என்று எல்லாமும் கூடவே வந்து ஒட்டிக்கொள்கின்றன.

சிற்றிதழ் ஒன்றின் பழைய இதழ்களை இணையத்தில் பராமரிக்கும் பணியில் நான் இருக்கிறேன். பார்வை மங்கிய மூத்த வாசகர் ஒருவர், எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடுகின்றன என்று தெரிவித்தார். வரி உயரம் ஒவ்வொரு பத்தியிலும் பிக்சல் (திரைப்புள்ளி) கணக்கில், எழுத்தோடு சேர்ந்து வளராதபடி கட்டப்பட்டிருந்தது. ஆங்கிலத்தைவிடத் தமிழுக்கு இது பெரிய கேடு: இகர, ஈகாரக் கொக்கிகள் மேலே எழுகின்றன, கூ, நூ போன்றவை கீழே இறங்குகின்றன, வரிகளுக்கிடையே போதிய இடம் இல்லையென்றால் மேல்வரியின் காலும் கீழ்வரியின் தலையும் மோதிக்கொள்ளும். ஸ்டைல்ஷீட்டில் ஒரே வரியில் சரிசெய்யவேண்டிய குறை அது. அவர் ஒருவருக்காக நாங்கள் நூற்றுக்கணக்கான கட்டுரைகளைத் திறந்து பார்க்க நேர்ந்தது. அவரைப்போல் எழுதித் தெரிவிக்காமலே விலகிப்போனவர்கள் எத்தனை பேரோ என்ற எண்ணம் இன்றும் என்னை வருத்துகிறது.

ஸ்டைல்ஷீட்டில் புதிய விதி எழுதினால் தீராதா என்று கேட்கலாம். சிஎஸ்எஸ்ஸின் முன்னுரிமை வரிசையில், குறிக்குள் எழுதிய ஸ்டைல் கிளாஸ் வழி வரும் விதியை வென்றுவிடும். அதை மீற ‘இம்பார்ட்டன்ட்’ என்ற சொல்லைச் சேர்ப்பார்கள். பிறகு அதையும் மீற இன்னொன்று தேவைப்படும். சிறு திரைக்கு ஒரு தோற்றம், அச்சிடும்போது ஒரு தோற்றம் என்று நிபந்தனை வைக்கவும் இன்லைன் ஸ்டைலில் வழியில்லை. 2024இல் விக்கிப்பீடியா இருள் தோற்றத்தைக் கொண்டுவந்தபோது இந்தச் சிக்கல் பெரிய அளவில் வெளிப்பட்டது. வெளிர் பின்னணியை மட்டும் குறித்து, எழுத்தின் நிறத்தைக் குறிக்காமல் விட்டிருந்த வார்ப்புருக்களில் (பல பக்கங்களில் பயன்படும் ஆயத்தப் பகுதிகளில்), வெளிர் பின்னணிமேல் வெளிர் எழுத்து வந்து நின்றது. தன்னார்வலர்கள் அவற்றைத் தேடித் திருத்தவேண்டியதாயிற்று.

மாற்றும் வேலையைப் பற்றி என் அனுபவத்திலிருந்து சிறிது சொல்கிறேன். முதலில் தளத்திலுள்ள ஸ்டைல்கள் அனைத்தையும் திரட்டி, ஒரே மாதிரியானவற்றை ஒன்றுசேர்த்துப் பார்க்கவேண்டும். பெரும்பாலானவை நகலெடுத்து ஒட்டியதால் வந்த குப்பை என்பது அப்போது விளங்கும். அவற்றுக்குக் கிளாஸ் தேவையில்லை, நீக்கினால் போதும். எங்களுக்கு எஞ்சியவை ஒரு கைவிரல் எண்ணிக்கையைச் சற்றே தாண்டின. அவற்றுக்குப் பெயரிடும்போதுதான் நிதானம் வேண்டும். ‘சிவப்பு’ என்று கிளாஸுக்குப் பெயர் வைத்தால், நாளை அந்த நிறத்தை மாற்றும்போது பெயரே பொய்யாகிவிடும். ‘எச்சரிக்கை’ என்றோ ‘பிழைதிருத்தம்’ என்றோ அதன் பணியைக் கொண்டு பெயரிடவேண்டும். தொடக்கத்தில் நாங்கள் இதைக் கவனிக்காமல், பழைய குழப்பத்தையே புதிய இடத்துக்குக் கொண்டுபோனோம். இரண்டு வார உழைப்பைத் திரும்பச் செய்தோம்.

மின்னஞ்சல் மடல்களுக்கு இது அப்படியே பொருந்தாது. சில அஞ்சல் செயலிகள் ஸ்டைல்ஷீட்டைப் புறக்கணிப்பதால், அங்கே இன்லைன் ஸ்டைல் இன்னும் தேவைப்படுகிறது.

தமிழ்நாட்டின் 11ஆம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் இரண்டுமே இடம்பெறுகின்றன. ‘ஃபாண்ட்’ குறியைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், அதே பக்கத்தைக் கிளாஸ் கொண்டு மீண்டும் எழுதும் பயிற்சியையும் மாணவர்களுக்குத் தரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பழைய இதழ்களைப் புதிய தளத்துக்கு மாற்ற ஒப்பந்தம் போடும் பதிப்பகங்களும் நூலகங்களும் அரசுத் துறைகளும், கட்டுரைகளின் உள்ளே நிறமோ எழுத்துருவோ வரி உயரமோ எழுதப்பட்டிருக்கக் கூடாது என்ற நிபந்தனையை அந்த ஒப்பந்தத்திலேயே சேர்க்கவேண்டும். தளம் கைக்கு வந்தபின், திரையை ஒருமுறை இருளாக்கியும் எழுத்தை இருமடங்காக்கியும் பார்த்துவிட்டு, அதன்பிறகு பணத்தைக் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி