கொறங்காட்டைத் தரிசு என்று மதிப்பிட வேண்டாம்: நிலமெடுப்பு அலுவலருக்கு ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்: கொறங்காட்டு விவசாயி, காங்கேயம் வட்டம், திருப்பூர் மாவட்டம்.

பெறுநர்: உயர்திரு தனி மாவட்ட வருவாய் அலுவலர் அவர்கள் (நிலமெடுப்பு).

பொருள்: சாலைக்கு எடுக்கப்படும் மேய்ச்சல் நிலத்தின் மதிப்பை மறுபடி கணிக்கக் கோருதல் தொடர்பாக.

ஐயா,

வணக்கம். புறவழிச்சாலைக்காக, கொறங்காடு என்று நாங்கள் சொல்லும் எங்கள் 5 ஏக்கர் மேய்ச்சல் நிலத்தின் நடுவில் ஒன்றரை ஏக்கர் எடுக்கப்படுகிறது. ரோடு வருவதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் அளக்க வந்தவர்கள் குறிப்பேட்டில் "புன்செய் தரிசு, சில வேல மரங்கள், புதர்" என்று எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். அதனால்தான் இந்த மனு.

கொறங்காட்டை நாங்கள் வேண்டுமென்றேதான் உழாமல் வைத்திருக்கிறோம். உழுதால் கொழுக்கட்டைப் புல் போய்விடும். திரும்பத் தழைக்கப் பல வருடம் ஆகும். காட்டை நான்காகத் தடுத்து மாடுகளையும் ஆடுகளையும் மாற்றி மாற்றி விடுகிறோம். கோடையில் புல் காய்ந்த பிறகு ஆடுகளுக்கு வெள்வேலங்காய்தான் தீவனம். குறிப்பில் புதர் என்று இருப்பது என் அப்பாரு போத்து (கிளைத் துண்டு) ஊன்றி வளர்த்த கிளுவைச் செடி வேலி. அதைப் பிடுங்கி வேறிடத்தில் நட முடியாது. புதிதாக ஊன்றினால் ஆடு நுழையாத அளவுக்கு அடர எத்தனை வருடம் ஆகும் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கம்பி வேலி போடலாமே என்றார் வந்தவர்களில் ஒருவர். சரி, அந்தச் செலவாவது கணக்கில் வரட்டும்.

2013-ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டத்தின் 29-வது பிரிவு, நிலத்தோடு சேர்ந்த மரங்களையும் செடிகளையும் மதிப்பிட வேளாண்மை, வனம் போன்ற துறைகளில் அனுபவம் உள்ளவர்களைப் பயன்படுத்திக்கொள்ள இடம் தருகிறது. எங்கள் காட்டுக்கு அப்படி யாரும் வரவில்லை.

அப்புறம் விலை. 26-வது பிரிவின்படி, பத்திரப் பதிவுக்கு அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பையும், அக்கம்பக்கத்தில் அதேபோன்ற நிலம் 3 ஆண்டுகளில் விற்ற பத்திரங்களில் அதிக விலையுள்ள பாதியின் சராசரியையும் ஒப்பிட்டு, எது கூடுதலோ அதை எடுக்க வேண்டும். பத்திரத்தில் எழுதும் விலை வேறு, கைமாறும் விலை வேறு என்பது தங்களுக்கும் தெரியும். அதில் எங்கள் பக்கத் தப்பும் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் பக்கத்துக் காட்டை வாங்கிய என் பங்காளியிடம், காட்டிய விலை குறைவு என்று முத்திரைச் சட்டம் 47-ஏ பிரிவில் மதிப்பை உயர்த்திக் கூடுதல் தீர்வை வாங்கினார்கள். தீர்வை வாங்கும்போது செல்லுபடியான அந்த உயர்ந்த மதிப்பு, இழப்பீட்டுக் கணக்கிலும் செல்ல வேண்டாமா? அடிவிலை குறைந்தால் மொத்த இழப்பீடும், அதற்குச் சமமாக 100 சதவீதம் தரும் ஆறுதல் தொகையும் சேர்ந்தே குறைகிறது.

இன்னொன்று. ரோடு போட்ட பின் கிணறும் தண்ணித் தொட்டியும் கட்டுத்தரையும் ஒரு பக்கம் நிற்கும், மேய்ச்சலில் பெரும்பகுதி எதிர்ப்பக்கம் போய்விடும். மாட்டை ஓட்டிக்கொண்டு தினமும் இரண்டு முறை நான்கு வழிச்சாலையைத் தாண்ட முடியாது. மீதி மூன்றரை ஏக்கரும் பட்டாவில் என் பெயரில்தான் இருக்கும், ஆனால் கொறங்காடாக உதவாது. நிலம் துண்டாவதால் வரும் நட்டத்தையும் கணக்கில் எடுக்க 28-வது பிரிவு சொல்கிறது. எனக்கு வந்த கணக்குத்தாளில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

ஆகவே, தீர்வம் (இழப்பீட்டை முடிவு செய்யும் உத்தரவு) பிறப்பிக்கும் முன் வேளாண்மை, வனம், கால்நடைத் துறையினரோடு என் முன்னிலையில் மறு ஆய்வு செய்து, வேலியையும் மரங்களையும் தனித்தனியே மதிப்பிட்டு, துண்டாகும் நட்டத்தையும் சேர்க்க வேண்டுகிறேன். சராசரிக்கு எடுத்த பத்திரங்களின் பட்டியலையும் தந்து உதவவும். அடியில் மாடு போக வரச் சுரங்கப்பாதை ஒன்று அமைக்க முடிந்தால், துண்டாகும் நட்டத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளவும் சம்மதிக்கிறேன்.

ஆய்வுக்கு வருவதற்கு ஒரு நாள் முன்னால் தகவல் சொன்னால் நல்லது. மயிலைக் காளை ஒன்று புது ஆளைக் கண்டால் முட்ட வரும். அதைப் பிடித்துக் கட்டி வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்

இணைப்பு: பட்டா நகல், பங்காளியின் பத்திர நகல், கூடுதல் தீர்வை செலுத்திய ரசீது நகல், வேலியின் புகைப்படங்கள்.