வெளியிடும் முன் ஒருமுறை நீங்களே நிறுவிப் பாருங்கள்

அமெச்சூர் வானொலிக்கான கட்டற்ற மென்பொருள்களை உருவாக்கிப் பராமரித்துவரும் குழுக்களின் பொறுப்பாளர்களுக்கு, வணக்கம்.

ஊதியம் எதிர்பாராமல் நீங்கள் செய்துவரும் பணியின் அருமையை அறிந்தவன் நான். இரைச்சலுக்குள் புதைந்து காதுக்கே எட்டாத சமிக்ஞையை எஃப்டி8 போன்ற எண்முறைத் தொடர்பு முறைகள் தோண்டியெடுத்துத் தருவதால்தான், குறைந்த திறனில் ஒலிபரப்பும் நிலையங்களும் இன்று கண்டம் கடந்து தொடர்பு கொள்கின்றன. ஆனால் நன்றி சொல்வதற்காக மட்டும் இந்த மடலை எழுதவில்லை. ராஸ்பெரி பை என்னும் சிறு கணினியில், மூல நிரலை இயங்கும் மென்பொருளாக மாற்றும் தொகுப்பு வேலை (கம்பைல்) பாதியில் நின்றுபோவதைக் குறித்து, திரையில் வந்த பிழைச் செய்திகளோடு நான் அனுப்பிய வழு அறிக்கையை உங்களுள் ஒரு குழுவினர், ‘எங்கள் கணினியில் சரியாக ஓடுகிறது’ என்ற ஒற்றை வரியோடு அண்மையில் மூடிவிட்டார்கள்.

என் கோரிக்கை ஒன்றுதான். ஒவ்வொரு பதிப்பையும் வெளியிடும் முன், நீங்கள் எழுதிய நிறுவல் குறிப்பை, புதிதாக இயங்குதளம் ஏற்றிய ஒரு ராஸ்பெரி பையில், முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை நீங்களே ஒருமுறை பின்பற்றிப் பாருங்கள்.

1 ஜிபி நினைவகம் உள்ள ராஸ்பெரி பை 3-இல் அப்படிப் பார்த்தால் என்ன நடக்கும் என்பதைச் சொல்கிறேன். செயலியின் நான்கு கருக்களையும் ஒருசேரப் பயன்படுத்தித் தொகுக்கும்படி உங்கள் குறிப்பு சொல்கிறது. பூஸ்ட், கியூடி ஆகிய நிரலகங்களை (ஆயத்த நிரல் திரட்டுகளை) சார்ந்த சி++ கோப்பு ஒன்றைத் தொகுக்கவே பல நூறு எம்பி நினைவகம் தேவைப்படலாம் என்னும்போது, அத்தகைய நான்கு கோப்புகள் ஒரே நேரத்தில் வரிசைக்கு வந்தால் இருக்கும் இடம் போதாது. ராஸ்பெரி பை இயங்குதளத்தின் புல்ஸ்ஐ பதிப்பில் இயல்பாகக் கிடைக்கும் ஸ்வாப்போ (நினைவகம் நிரம்பும்போது கைகொடுக்கும் வட்டு இடம்) வெறும் 100 எம்பி. வேறு வழியில்லாத, இயங்குதளத்தின் மையமான கெர்னல், நினைவகத்தை அதிகம் பிடித்துவைத்திருக்கும் நிரலைத் தேடிக் கொல்கிறது. அந்த நிரல் உங்கள் மூல நிரலைத் தொகுத்துக்கொண்டிருக்கும் கம்பைலரேதான். திரையில் ‘கில்டு’ (கொல்லப்பட்டது) என்ற சொல் வரும். நினைவகம் தீர்ந்தது என்னும் செய்தியோ கெர்னலின் பதிவேட்டில் இருக்கும், அங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தவருக்கு மட்டும். தெரியாத புதியவர், மூல நிரலில்தான் கோளாறு என்று நினைத்து மீண்டும் தரவிறக்குவார், அட்டையை அழித்து இயங்குதளத்தையே மறுபடி ஏற்றுவார், பல மணி நேரம் காத்திருந்து அதே சொல்லை மறுபடி பார்ப்பார். இத்தனைக்கும் தீர்வு எளியது: ஒரு நேரத்தில் ஒரு கோப்பை மட்டும் தொகுக்கச் சொல்ல வேண்டும், ஸ்வாப்பைத் தற்காலிகமாக 1 அல்லது 2 ஜிபியாக உயர்த்த வேண்டும். வேலை மெதுவாக நடக்கும், ஆனால் முடியும். உங்கள் குறிப்பில் இதற்கு இரண்டு வரி போதும். அந்த இரண்டு வரியைத்தான் காணவில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் நிறுவுமாறு நீங்கள் பட்டியலிடும் ‘கியூடி5-டீஃபால்ட்’ மென்பொருள் பொதி, 2021-இல் வந்த டெபியன் 11-லேயே (புல்ஸ்ஐ பதிப்பின் அடிப்படை இதுதான்) நீக்கப்பட்டுவிட்டது. 2023-க்குப் பிறகு, 32 பிட் இயங்குதளம் ஏற்றிய ராஸ்பெரி பை 4-உம் 64 பிட் கெர்னலோடு எழுகிறது. கெர்னலை மட்டும் கேட்டு முடிவெடுக்கும் உங்கள் நிறுவல் நிரல், அந்த இயங்குதளம் ஏற்கவே முடியாத 64 பிட் பொதியைக் கொண்டுவந்து கொட்டுகிறது. எல்லாம் தாண்டித் தொகுத்து முடித்தாலும், வானொலிக் கருவியைக் கணினியிலிருந்து கட்டுப்படுத்த உதவும் ஹேம்லிப் நிரலகத்தைக் காணோம் என்று மென்பொருள் திறக்க மறுக்கிறது. நிரலகம் வட்டில்தான் இருக்கிறது; அதன் இருப்பிடத்தைக் கணினிக்குப் புதுப்பித்துச் சொல்லும் ஒற்றைக் கட்டளை உங்கள் குறிப்பில் விடுபட்டிருக்கிறது.

இவற்றைக் கேட்பவருக்குக் கிடைக்கும் பதில், ‘முதலில் லினக்ஸ் கற்றுக்கொள்ளுங்கள்’ அல்லது ‘பெரிய கணினி வாங்குங்கள்’. துண்டுக் கம்பியைக் கட்டி உலகோடு பேசலாம் என்று புதியவர்களை அழைத்துவந்தவர்கள் நாம்தானே? சில வாட் மின்சாரத்தில், பேட்டரியிலிருந்தே இயங்குவதால்தான் வெளிக்களத்தில் வானொலிக்குப் பக்கத்தில் இந்தச் சிறு பலகையை வைக்கிறோம். பெரிய கணினிதான் வேண்டும் என்றால், மென்பொருளின் முகப்பில் ‘சிறு கணினிகளில் இயங்கும்’ என்று பெருமையாகப் போட்டிருப்பது யாருக்காக? உரிமத் தேர்வுப் பாடத்திட்டத்தில் ஓம் விதிக்கு அடுத்த பாடமாக லிங்கர் (நிரல் இணைப்பான்) பிழைகளையும் சேர்த்துவிட்டால், இப்படிக் கேள்வி கேட்டு உங்களைத் தொந்தரவு செய்பவர்களே இல்லாமல் போவார்கள்.

கேலி போகட்டும். எல்லாப் பலகைகளையும் வாங்கிவைத்துச் சோதிக்க உங்களுக்கு நேரமும் பணமும் இராது என்பது எனக்குப் புரிகிறது. ஆகவே ஒன்றே ஒன்றில் சோதித்தாலும் போதும்: எந்தப் பலகை, எந்த இயங்குதளப் பதிப்பு, 32 பிட்டா 64 பிட்டா, எவ்வளவு நினைவகம், எந்த நாளில் சோதித்தது என்பதைக் குறிப்பின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள். அதற்கும் ஆள் இல்லையென்றால், வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பை எங்களிடம் கொடுங்கள். பழைய பலகைகளை வைத்திருக்கும் எங்களில் பலர் குறிப்பை வரிக்கு வரி பின்பற்றி, எங்கே நின்றது என்று எழுதி அனுப்பத் தயாராக இருக்கிறோம்.

அடுத்த பதிப்பு வெளியாகும் முன் உங்கள் குறிப்பை ஒருமுறை நீங்களே பின்பற்றிப் பார்க்குமாறும், மூடிய அந்த வழு அறிக்கையை மீண்டும் திறக்குமாறும் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மென்பொருளைத் தொடர்ந்து பயன்படுத்தும் ஓர் அமெச்சூர் வானொலி ஆர்வலன்