செல்விக்கு நீ படித்துக் காட்ட

ஷெஃபீல்ட்
பிப்ரவரி 8

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதமும் மோர் மிளகாயும் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பதில் போடாதது தப்புத்தான். நைட் ட்யூட்டி கொஞ்சம் கூடுதலாக எடுத்திருக்கிறேன், வீட்டில் சும்மா உட்கார்ந்து என்ன செய்ய? குளிர் பழகிவிட்டது. ஹீட்டர் போட்டால் தோல் வறள்கிறது என்று இரண்டு ஸ்வெட்டரோடு இருந்துகொள்கிறேன். பக்கத்து வீட்டுத் தாத்தா பனி கொட்டும்போதும் அரை டிராயரோடு வந்து, தன் குப்பைத் தொட்டியோடு என்னுடையதையும் நேராக்கி வைத்துவிட்டுப் போகிறார். ஒரு வார்த்தை பேச மாட்டார்.

"எட்டாம் மாசம் ஆரம்பிச்சா வயித்துல பிள்ளைக்கு இடம் பத்தாது, அசைவு குறையத்தான் செய்யும்" என்று நம் செல்வியிடம் அத்தை சொன்னதாக எழுதியிருந்தாய். அது தப்பு அம்மா. 32 வாரம் வரை அசைவு கூடும், பிறகு அதே அளவில் நிற்கும். பிரசவ வலி எடுத்த பிறகும் இருக்கும். உதை போய் நெளிவாகலாம், ஆனால் குறையக் கூடாது. செல்விக்கு நச்சுக்கொடி முன்பக்கம் இருப்பதால் ஆரம்பத்தில் மெத்தை போட்ட மாதிரி மங்கலாகத் தெரிந்திருக்கும். 28 வாரம் தாண்டியாயிற்று, இனி அந்தச் சமாதானம் செல்லாது.

வயிற்றுக்குள் பிள்ளை 20 முதல் 40 நிமிடம் தூங்கும். 90 நிமிடத்தைத் தாண்டுவது அபூர்வம். சந்தேகம் வந்தால் டிவியை அணைத்துவிட்டு, இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து 2 மணி நேரம் அதையே கவனிக்கட்டும். விக்கலைச் சேர்க்காமல் 10 அசைவு தேறாவிட்டால் உடனே கிளம்ப வேண்டும். பத்து வந்தாலும், வழக்கம்போல இல்லை என்று அவளுக்குப் பட்டால் கிளம்பத்தான் வேண்டும். ஜூஸ் குடித்துப் பார், விடியட்டும் பார்க்கலாம் என்று யாரும் சொல்ல வேண்டாம். அவளுக்குச் சர்க்கரை வேறு. வண்டி கிடைக்காவிட்டால் 108.

மாப்பிள்ளை துடிப்பு கேட்கிற கருவி வாங்கப் போகிறாராம். வேண்டாம் என்று சொல். நச்சுக்கொடியில் ரத்தம் ஓடும் சத்தமும் அதில் கேட்கும். பயத்தில் செல்வியின் நாடி 110-ஐத் தாண்டினால் அது பிள்ளையுடையது போலவே இருக்கும். அதைவிட முக்கியம், பிள்ளை சோர்ந்தால் முதலில் அசைவுதான் குறையும், துடிப்பு கடைசி வரை கேட்கும். "கேக்குதுல்ல" என்று படுத்துவிட்டால் போயிற்று.

ஆஸ்பத்திரியில் வயிற்றில் இரண்டு பெல்ட் கட்டுவார்கள். ஒன்று துடிப்புக்கு, இன்னொன்று கர்ப்பப்பை இறுகுவதைப் பார்க்க. துடிப்பு 110-லிருந்து 160-க்குள் இருக்க வேண்டும், ஆனால் எண்ணை மட்டும் பார்த்து எழுந்து வந்துவிடக் கூடாது. தாளில் வரும் துடிப்புக் கோடு 5 முதல் 25 துடிப்பு வரை ஏறி இறங்கி நெளிய வேண்டும். இடையிடையே 15 துடிப்பு உயர்ந்து 15 நொடியாவது நின்றால் நல்லது. செல்வியின் நாடியையும் கையில் பிடித்துப் பார்க்கச் சொல். அந்தத் தாள் அந்த நேரத்து நிலையைத்தான் சொல்லும். வளர்ச்சி, பனிக்குட நீர், கொப்பூழ்க்கொடி ரத்த ஓட்டம் எல்லாம் ஸ்கேனில்தான் தெரியும், கேட்டு எடுங்கள். மறுநாளே மறுபடி குறைந்தால் மறுபடி போகணும். "நேத்துதான வந்தீங்க" என்று யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

அந்தத் துடிப்புச் சத்தம் நம் வீட்டுத் தையல் மெஷின் மாதிரியே இருக்கும் அம்மா. ராத்திரி மூன்று மணிக்கு வார்டில் அதைக் கேட்டால் நீ திண்ணையில் உட்கார்ந்து ஜாக்கெட் தைப்பது போலத் தோன்றும். சில நாள் மெஷினை அணைக்க மனசு வராது.

சரி. வளைகாப்பு முடிந்ததும் சின்னமனூருக்குக் கூட்டிவர வேண்டாம். தேனியில் சித்தி வீட்டிலேயே இருக்கட்டும், அங்கிருந்து க.விலக்கு பெரியாஸ்பத்திரி பக்கம். சம்பந்தி வீட்டில் முறை பேசினால் நான் சொன்னதாகச் சொல், கோபம் என்மேல் இருக்கட்டும். நகை வட்டி இந்த மாதம் பத்து நாள் தள்ளி வரும், பேங்கில் ஏதோ தாமதம். அப்பாவிடம் சொல்ல வேண்டாம்.

வளையல் ஒரு சுற்று பெரிதாக வாங்கு. பிரஷருக்குத் திடீரென்று கை வீங்கினால் கண்ணாடி வளையலைக் கழற்ற முடியாது. வீக்கத்தோடு தலைவலி, கண்முன் மின்னல், மேல்வயிற்று வலி வந்தாலும் அதே 108-தான். என் பேரில் பச்சை வளையல் ஒரு டஜன் போடு.

அன்புடன்,
பெரியவள்