சின்னுவுக்கு, அந்த ரிப்பன் விஷயமா

சின்னு,

பாப்பாவ சேத்துட்டேன். ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ் தான். ரொம்ப நாளா கேட்டுட்டே இருந்தா, அடுத்த வருஷம் பாக்கலாம் அடுத்த வருஷம் பாக்கலாம்னு நானும் தள்ளிட்டே வந்தேன், நேத்து போய் ஃபீஸ் கட்டிட்டேன். அம்மா உன்கிட்ட சொல்லிருக்க மாட்டாங்க, வேணாம்னு நான் தான் சொன்னேன். இத நீ என்கிட்டேர்ந்து தான் கேக்கணும்.

வாட்ஸ்அப்ல ரெண்டு வரி போட்டா போதுமேன்னு நீ நினைப்ப. போட்டிருப்பேன், நீ அந்த ரீல் போடாம இருந்திருந்தா. துபாய்ல உன் ஸ்டூடண்ட்ஸ் எல்லாரையும் பின்னாடி நிக்க வச்சுட்டு "ஒரே ஒரு ஸ்பேர் ரிப்பன் இருந்திருந்தா என் லைஃபே வேறடா"ன்னு சொன்னியே, பேர் சொல்லல தான், ஆனா அந்த ரிப்பன யார் வாங்கித் தந்திருக்கணும்னு நம்ம சொந்தத்துல தெரியாதவங்க யாரு? பெரியப்பா பொண்ணு அத எனக்கே ஃபார்வர்ட் பண்ணா, பக்கத்துல ஒரு அழுற எமோஜி. நீ நாலு பேர் முன்னாடி பேசின, நானும் நாலு பேர் முன்னாடியே எழுதறேன், அவ்ளோதான்.

அன்னிக்கு ட்ரையல்ஸ்ல நடந்தத முழுசா திருப்பி சொல்லப் போறதில்ல, ஆடினதே நீ தான். ஆனா கேலரியிலேர்ந்து அது எப்படி தெரிஞ்சுச்சுன்னு உனக்குத் தெரியாது.

ஹூப், பால், க்ளப்ஸ்னு அந்த ரெண்டு சின்ன கட்டை, மூணும் முடிஞ்சு குச்சில கட்டின ரிப்பன் கடைசி. நீ சீனியர் ஆன முதல் வருஷம். ஜூனியர்ல அஞ்சு மீட்டர் ரிப்பன், சீனியர்ல ஆறு மீட்டர். வெளில இருக்கறவங்க ஒரு மீட்டர் தானேன்னு சொல்லிடுவாங்க. அந்த ஒரு மீட்டர் துணிய பழக்கறதுக்கு நீ நம்ம திருவல்லிக்கேணி மொட்ட மாடில தோள் இறங்கற வரைக்கும் ஸ்நேக், அதான் பாம்பு மாதிரி வளைவு வளைவா, போட்டுட்டு இருப்ப, நாலு மணிக்கு மேல கடல் காத்து வந்துச்சுன்னா துணி உன் கழுத்தையே சுத்தும், அப்பவும் விட மாட்ட. வளைவு எல்லாம் ஒரே அளவு வரணும், வால் தரைல படக்கூடாது, துணி ஒரு செகண்ட் கூட சும்மா தொங்கக் கூடாது. ரூல்படி பாத்தா அந்த துணிக்கு குறைஞ்சபட்ச எடை வெறும் 35 கிராம். அத வச்சுட்டு ஒண்ணரை நிமிஷம்.

பாட்டு பாதி தாண்டியிருக்கும். தூக்கிப் போட்ட, உருண்ட, பிடிச்ச, கை கரெக்டா தான் போச்சு. துணிய சுருள் சுருளா சுத்தற ஸ்பைரல் ஆரம்பிச்சப்ப தான் குச்சியிலேர்ந்து ஒரு முழம் தள்ளி துணி சுருண்டு நிக்கறத பாத்தேன். ஒரு தடவ உதறின. திரும்பி உதறின, முடிச்சு இறுகிடுச்சு. அப்போ உன் கண்ணு மேட் ஓரத்துக்குப் போச்சு. மத்த பொண்ணுங்க ஆடறப்ப எல்லாம் அங்க சுருட்டி வச்ச இன்னொரு ரிப்பன் இருந்துச்சு, அந்த ட்ரையல்ஸ்ல ரிசர்வ் அவங்கவங்களே கொண்டு வரணும்னு சொல்லிட்டாங்க. உனக்கு அங்க ஒண்ணுமில்லன்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சும் பாத்த. அப்புறம் தலைய நிமித்தி கேலரிய பாத்த, என்னைய பாத்த.

அந்த பார்வைல கோவம் இருந்திருந்தா நான் இவ்ளோ வருஷம் சுமந்திருக்க மாட்டேன்டி. அக்கா ஏதாவது பண்ணுவாங்கற மாதிரி பாத்த. அவ்ளோ தூரத்துலேர்ந்து நான் என்ன பண்ண முடியும். அப்புறம் முட்டி போட்டு உக்காந்து நகத்தால அந்த முடிச்ச பிரிச்ச, பாட்டு அது பாட்டுக்கு ஓடிட்டு இருக்கு, ஹால்ல ஒரு சத்தம் இல்ல. பிரிச்சு முடிச்சதும் எந்த இடத்துல பாட்டு இருக்கோ அங்கேர்ந்தே பிடிச்சுட்டு போய் கடைசி போஸ்ல பாட்டோட சேந்து நின்ன. சிரிச்சுட்டு நின்ன. தாடை நடுங்கினது எனக்கு மட்டும் தான் தெரிஞ்சிருக்கும்.

இன்னொரு விஷயம். ரிப்பன் நேரத்துல ஹால்ல ஃபேன அணைச்சுடுவாங்க, ஏசி காத்து கூட அந்த துணிய திருப்பி விட்டுடும்னு எல்லாருக்கும் தெரியும். மே மாச வெயில்ல கூட ஃபேன் இல்லாம வேர்த்து ஊத்தி பழகினவங்க தானே நீங்க எல்லாரும். அன்னிக்கு ஜட்ஜுங்க மேஜை பக்கத்துல ஒரு பெடஸ்டல் ஃபேன் ஓடிட்டு இருந்துச்சு. யார் போட்டாங்க, நிறுத்த சொல்லி யார் கேட்டிருக்கணும், இதெல்லாம் இங்க எழுத மாட்டேன். அன்னிக்கு அங்க இருந்தவங்கள்ல சில பேர் இதப் படிப்பாங்க, இனிமே என் பொண்ணும் அவங்க முன்னாடி தான் ஆடணும். ஆனா ஒண்ணு கேக்கறேன், ரீல்ல அந்த ஃபேன பத்தி ஏன் ஒரு வார்த்தை இல்ல? அவங்களோட நீ இன்னும் பேச்சு வார்த்தைல இருக்க, அதனால தானே? அக்கான்னா திருப்பி அடிக்க மாட்டா, அவ மேல போட்டுடலாம்.

சரி, காசு விஷயத்துக்கு வரேன். வீட்ல எல்லாரும் அப்போ கைல காசு இல்லன்னு தான் இன்னி வரைக்கும் நினைச்சுட்டு இருக்காங்க. அம்மா உன்ன சமாதானப்படுத்தறப்ப "அவ எங்கடி போவா காசுக்கு"ன்னு தான் சொன்னாங்க. காசு இருந்துச்சு சின்னு. ஜப்பான்லேர்ந்து வர்ற ரிப்பன் இன்னொண்ணு வாங்கற அளவுக்கு இருந்துச்சு. அத பேங்க் எக்ஸாம் கோச்சிங்கு கட்டிட்டேன்.

இத படிச்சுட்டு நீ ஃபோன தூக்கி வீசுவ, வீசு. ஆனா மீதியையும் படி. கால் சென்டர்ல நைட் ஷிப்ட் முடிஞ்சு காலைல வீட்டுக்கு வந்தா நீ ஆடறப்ப போடற லியோடார்டு ட்ரெஸ்ஸுக்கு கல் ஒட்ட உக்காருவேன், ஒவ்வொண்ணா, பசை காயற வரைக்கும் பிடிச்சுட்டு. உன் ட்ராவல், உன் ஷூ, அந்த பாதி பாதத்துக்கு மட்டும் வர்ற ஷூ ரெண்டு மாசத்துல கிழிஞ்சுடும், எல்லாம் என் சம்பளம். எனக்குன்னு அந்த ஒரு தடவ தான் எடுத்தேன். அந்த எக்ஸாம் தான் எனக்கு வேலை வாங்கிக் குடுத்துச்சு, அந்த வேலைல வாங்கின லோன்ல தான் நீ ஸ்போர்ட்ஸ் சயின்ஸ் படிச்ச, துபாய் போன. இத சொல்லிக் காட்டறதா எடுத்துக்காத. இல்ல, எடுத்துக்கோ, சொல்லிக் காட்டத் தான் செய்யறேன். அந்த பணத்த எடுத்தது தப்புன்னு இன்னிக்கும் என்னால சொல்ல முடியல. அந்த ஒரு பார்வைக்கு மட்டும் மன்னிப்பு கேக்கறேன், வேற எதுக்கும் இல்ல. இது மன்னிப்பு மாதிரியே இல்லன்னு உனக்குத் தோணலாம், எனக்கு வர்றது இப்படித் தான் வருது.

முடிச்சு விழாம இருந்திருந்தாலும் அன்னிக்கு நீ நாலாவது தான். அப்போ எவ்ளோ கஷ்டமானத ஆடறங்கற டிஃபிகல்டிக்கு 10, அத எவ்ளோ சுத்தமா ஆடறங்கற எக்ஸிக்யூஷனுக்கு 10, மொத்தம் 20. ஷீட்ட நான் கூட்டிப் பாத்திருக்கேன், நீ அத வாங்கிக் கூட பாக்கல. உன் ஹூப் ஸ்கோரும் குறைவு, க்ளப்ஸும் குறைவு. ஆனா ஒரு ரிப்பன் மேல பழி போட்டா வேற எதையும் பாக்க வேண்டியதில்ல பாரு.

கடுமையா எழுதிட்டேன், அழிக்கல.

அதே வருஷம் தானே ரியோ ஒலிம்பிக்ஸ். உன் ஃபோன்ல அம்மாவ பக்கத்துல உக்கார வச்சு காட்டின, மார்கரிட்டா மாமுன். ரஷ்யாக்கு ஆடற பொண்ணு, அப்பா பங்களாதேஷ்காரர். அம்மா அவ முகத்தையே பாத்துட்டு "நம்ம பக்கத்து பொண்ணு மாதிரியே இருக்காடி"ன்னு சொன்னாங்க, அப்புறம் உன் ட்ரையல்ஸ் வரைக்கும் பக்கத்து வீட்டு ஆன்ட்டி கிட்ட எல்லாம் அவள பத்தி தான் பேச்சு. தங்கம் ஜெயிச்சு சில நாள்லயே அவ அப்பா கேன்சர்ல போயிட்டாருன்னு நீ நியூஸ் படிச்சு சொன்னப்ப அம்மா அன்னிக்கு சாப்பிடவே இல்ல. ஆனா நீ திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்தது மாமுன இல்ல, யானா குத்ரியாவ்ட்சேவாவ. ஸ்கோர்ல முன்னாடி இருந்தவ, க்ளப்ஸ் ரொட்டீன் கடைசில தூக்கிப் போட்டத பிடிக்க முடியாம விட்டா, வெள்ளி. "ஒரு க்ளப் அக்கா, ஒரே ஒரு க்ளப்"னு சொல்லிட்டே இருந்த. அன்னிக்கே எனக்கு பயம், இவ ஆடறத விட விழறத தான் அதிகம் பாக்கறான்னு.

2021ல டோக்கியோ. சனிக்கிழமை மத்தியானம், கொரோனா, எல்லாரும் வீட்ல, நீ அப்பவே துபாய். இஸ்ரேல் பொண்ணு லினாய் அஷ்ராம் கடைசி ரிப்பன் ரொட்டீன்ல ரிப்பன கீழ விட்டா. விட்டும் தங்கம். அவ 107.800, ரஷ்யாவோட டீனா அவெரினா 107.650, வித்தியாசம் 0.15. ரஷ்யாக்காரங்க ஒத்துக்கவே இல்ல, பெரிய சண்டை. அன்னிக்கு உன்கிட்டேர்ந்து ஒரு மெசேஜ் வந்துச்சு: "பாத்தியா". அவ்ளோ தான். டைப் பண்ணி டைப் பண்ணி அழிச்சேன். என்ன எழுதினேன்னு இப்போ சொல்றேன். அஷ்ராமால கீழ விட்டும் ஜெயிக்க முடிஞ்சதுக்குக் காரணம், அவ அன்னிக்கு வச்சிருந்த டிஃபிகல்டி அவ்ளோ பெருசு, மத்த மூணுலயும் அவ சேத்து வச்சிருந்தா. இதத் தான் எழுதினேன். அனுப்பியிருந்தா நீ என்னைய பிளாக் பண்ணிருப்ப. அதுல இன்னொரு வரியும் இருந்துச்சு, "முடிச்ச அவிழ்த்துட்டு நீ எழுந்து நின்ன மாதிரி இவங்க யாரும் நிக்கல"ன்னு. அதையும் சேத்து அழிச்சுட்டேன்.

ஏன் பாப்பாவ சேத்தேன்னு நீ கேப்ப. நீயே அன்னிக்கு சொன்ன, "நம்ம ஊர்ல இதுக்கு எதிர்காலம் கிடையாது"ன்னு. ரிதமிக்ல இந்தியாவுலேர்ந்து ஒருத்தர் கூட இது வரைக்கும் ஒலிம்பிக்ஸ் போனதில்ல, உண்மை தான். திபா கர்மாகர் ரியோல வால்ட்ல நாலாவது வந்தது கூட ஆர்டிஸ்டிக் ஜிம்னாஸ்டிக்ஸ்ல தானே, அது வேற. பாப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது. பாரிஸ் க்ரூப் ஃபைனல் க்ளிப் என் ஃபோன்ல வந்துச்சு, சைனா பொண்ணுங்க அஞ்சு பேரு, அஞ்சு ஹூப், அப்புறம் மூணு ரிப்பன் ரெண்டு பால். க்ரூப் தங்கம் 1996ல ஸ்பெயின், 2000லேர்ந்து 2016 வரைக்கும் ரஷ்யா, டோக்கியோல பல்கேரியா, எப்பவும் ஐரோப்பா பக்கத்து ஆளுங்க தான், 2024ல முதல் தடவையா சைனா. பாப்பா அந்த க்ளிப்ப பாத்துட்டு துப்பட்டாவ துடைப்பக் குச்சில கட்டிட்டு வந்து நின்னா. நான் உன் ரிப்பன பீரோலேர்ந்து எடுத்து இஸ்திரி போட்டுக் குடுத்தேன், நீ போடற மாதிரியே, மெலிசு சூட்ல, இழுக்காம. அவளுக்கு அது ரொம்ப நீளம், கால்ல மாட்டி விழுந்தா, எழுந்தா, சிரிச்சா, திரும்ப விழுந்தா. இவ விழறத எண்ணல.

பாரிஸ்ல தனிநபர் தங்கம் வாங்கின டார்யா வார்ஃபோலோமேயேவ் 12 வயசுல சைபீரியாவுல இருக்கற பர்னவுல்லேர்ந்து அப்பா அம்மா இல்லாம ஜெர்மனிக்கு ட்ரெயினிங் போனவளாம். அத படிச்சப்ப நான் அவள நினைக்கல, அவ அம்மாவ தான் நினைச்சேன். நான் அந்த அம்மா இல்ல சின்னு. அவ்ளோ தூரம் எல்லாம் என்னால விட முடியாது, இப்பவே சொல்லிடறேன்.

அதனால உன்கிட்ட சில விஷயம் கேக்கணும், இதுக்கெல்லாம் இங்க எனக்கு நம்பிக்கையான ஆள் கிடையாது. ஆறு வயசுக்கு ரெண்டு பக்கமும் ஸ்டூல் வச்சு கால விரிக்க சொன்னா சரியா, அழுதா நிறுத்த சொல்லலாமா, நிறுத்த சொன்னா என்னைய ஹால் வெளில உக்கார சொல்லிடுவாங்களா? எடை பத்தி பேச்சு எப்போ ஆரம்பிக்கும்? உன்ன ராத்திரி சாப்பாட்ட நிறுத்த சொன்னாங்க, அம்மா டம்ளர்ல தயிர்சாதம் கரைச்சு ஜூஸுன்னு சொல்லிக் குடுப்பாங்க, நீ தெரிஞ்சே குடிச்ச. பாப்பாகிட்ட எவனாவது அப்படி சொன்னா நான் அங்கயே சண்டை போடுவேன், அது அவளுக்குக் கெடுதலா முடியுமா? இடது பக்கமும் சமமா பழக்கறாங்களான்னு நான் எத வச்சு கண்டுபிடிக்கறது? உனக்கு இடுப்பு வலி இன்னும் இருக்குன்னு அம்மா சொன்னாங்க, அந்த வலி இவளுக்கு வரக் கூடாது.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பாப்பா சித்திக்கு வீடியோ கால் போடணும்னு பிடிவாதம் பிடிக்கறா. நான் பக்கத்து ரூம்ல இருந்துக்கறேன், என் முகத்த நீ பாக்க வேண்டியதில்ல. கோவம் எவ்ளோ இருந்தாலும் என்கிட்ட வச்சுக்கோ. ஹூப் எவ்ளோ பெருசு வாங்கணும்னு கேப்பா, அவள எழுந்து நிக்க சொல்லிப் பாத்துட்டு சொல்லு.

அக்கா