ரீபில்ட் அழுத்தச் சொன்ன உங்கள் பதிலைப் பற்றி ஒரு புகார்

வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளருக்கு,

வணக்கம். உங்கள் இரண்டு டிஸ்க் சேமிப்புப் பெட்டியை, நீங்களே உள்ளே போட்டுக் கொடுத்த 4 டிபி டிஸ்க்குகளோடு வாங்கி இரண்டரை வருஷம் ஆகிறது. உத்தரவாதம் மூன்று வருஷம். ஆனால் நான் எழுதுவது டிஸ்க் கெட்டதற்காக அல்ல. டிஸ்க் என்றால் ஒருநாள் கெடும், அதற்காகத்தான் ஒரே தரவை இரண்டு டிஸ்க்கிலும் எழுதும் மிரர் போட்டு வைக்கிறோம். கெட்ட பிறகு உங்கள் ஆட்கள் என்னைச் செய்யச் சொன்னதுதான் என் புகார்.

நான் திருமண வீடியோ எடுத்து எடிட் செய்து கொடுப்பவன். இரண்டாவது டிஸ்க் பழுது என்று பெட்டி சிவப்பு விளக்கு காட்டியதும் எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு உங்களுக்கு எழுதினேன். 'இரண்டாவதைக் கழற்றுங்கள், புதியதைப் போடுங்கள், ரீபில்ட் அழுத்துங்கள்' என்று பதில் வந்தது. ரீபில்ட் என்றால் மீதமுள்ள டிஸ்க்கை முழுதாகப் படித்துப் புதியதில் நகலெடுப்பது. முதல் டிஸ்க் எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் நம்பி அழுத்தினேன். பாதி தாண்டியதும் முதல் டிஸ்க்கிலும் படிக்க முடியாத இடங்கள் வந்து ரீபில்ட் நின்றது, இரண்டு டிஸ்க்கும் சேர்ந்த சேமிப்பு இடமான தொகுதியே திறக்கவில்லை. அதற்கு உங்கள் அடுத்த பதில், புதிதாகத் தொகுதி உருவாக்கிக்கொள்ளுங்கள் என்பது. அதைச் செய்திருந்தால் பழையது அழிந்து மூன்று குடும்பங்களின் திருமணம் அதோடு போயிருக்கும்.

செய்யவில்லை. பெட்டிக்குள் ஓடுவது லினக்ஸ்தான், மிரரும் லினக்ஸிலேயே உள்ள எம்டி ரெய்டு 1 என்ற சாதாரண மென்பொருள் மிரர்தான். இரண்டு டிஸ்க்கையும் கழற்றி ஒரு லினக்ஸ் கணினியில் மாட்டி, டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்து வைக்கும் ஸ்மார்ட் விவரத்தை எடுத்தேன். 21,000 மணி நேரத்துக்கு மேல் ஓடியிருக்கின்றன. நல்லது என்று நீங்கள் நம்பச் சொன்ன முதல் டிஸ்க்கில், படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள் (தரவு எழுதப்படும் சிறு துண்டுகள்) 312. கழற்றிப் போடச் சொன்ன இரண்டாவதில் வெறும் 8! இத்தனைக்கும் பெட்டியின் நலப் பக்கம் முதல் டிஸ்க்குக்கு 'நலம்' என்றே காட்டிக்கொண்டிருந்தது, ஏனென்றால் நீங்கள் காட்டுவது ஸ்மார்ட்டின் ஒட்டுமொத்தத் தேர்ச்சி முடிவை மட்டும். நூற்றுக்கணக்கான செக்டர் போன பிறகும் அது தேர்ச்சி என்றே சொல்லும்.

அப்படியானால் 8 செக்டர் போன டிஸ்க் ஏன் வெளியே தள்ளப்பட்டது? இந்த டிஸ்க்குகளில் பிழை மீட்பு நேரத்தை, அதாவது கெட்ட இடத்தைப் படிக்க டிஸ்க் எவ்வளவு நேரம் முயலலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் வசதியே இல்லை, டிஸ்க்கிடமே கட்டளை கொடுத்துக் கேட்டுப் பார்த்தேன், ஆதரவில்லை என்றுதான் பதில் வந்தது. அப்படிப்பட்ட டிஸ்க் ஒரு கெட்ட செக்டரோடு ஒரு நிமிடம், சில சமயம் அதற்கும் மேல் மல்லுக்கட்டும். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் வழக்கமாகக் காத்திருப்பது 30 விநாடி. அதற்குள் பதில் இல்லையென்றால் இணைப்பை ரீசெட் செய்யும், அந்த நேரத்தில் எழுத முயன்று முடியாமல் போனால் டிஸ்க் செத்துவிட்டது என்று ரெய்டு அதைக் கழற்றிவிடும். அந்த 30 விநாடியை 180 ஆக்குவது ஒரு வரி அமைப்பு. ரெய்டு பெட்டியில் இப்படிப்பட்ட டிஸ்க்கைப் போட்டு விற்கும் நீங்கள் அந்த ஒரு வரியைக்கூட மாற்றவில்லை.

எனக்கு அதைவிடக் கோபம் இன்னொன்றில். மாதம் ஒருமுறை இரண்டு டிஸ்க்கையும் முழுதாகப் படித்துப் பார்க்கும் சோதனை உங்கள் பெட்டியில் இருக்கிறது, ஆனால் அணைத்து வைத்து விற்கிறீர்கள், மெனுவுக்குள் மூன்று அடுக்கு தாண்டிப் போனால்தான் கண்ணில் படும். அது ஓடியிருந்தால் முதல் டிஸ்க்கின் கெட்ட இடங்கள் அன்றைக்கே தெரிந்திருக்கும், இரண்டாவதிலிருந்து நல்ல பிரதியை எடுத்து ரெய்டே திரும்ப எழுதியிருக்கும். யாரும் தொடாத பழைய கோப்புகளின் அடியில் செக்டர்கள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தன, அதை முதன்முதலாகக் கண்டுபிடித்தது நீங்கள் அழுத்தச் சொன்ன ரீபில்ட்தான், அதுவும் துணைக்கு இன்னொரு டிஸ்க் இல்லாத நேரத்தில்.

மீட்டதையும் சொல்கிறேன், உங்கள் ஆட்கள் தெரிந்துகொள்ளட்டும். இரண்டு டிஸ்க்கிலும் எதையும் எழுதாமல், டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருளை வைத்து முதல் டிஸ்க்கை வேறொரு பெரிய டிஸ்க்குக்கு நகலெடுத்தேன். நல்ல பகுதி ஒன்பது மணி நேரத்தில் வந்துவிட்டது, கெட்ட இடங்களைச் சுரண்டி எடுக்க மூன்று நாள். அப்புறம், எது வந்தது, எது விடுபட்டது என்று அந்த மென்பொருள் குறித்து வைத்த அதே மேப் கோப்பை வைத்துக்கொண்டு மூலத்தை மட்டும் இரண்டாவது டிஸ்க்குக்கு மாற்றினேன், விடுபட்ட இடங்களை மட்டும் அது அங்கிருந்து நிரப்பியது. இரண்டிலும் தரவு தொடங்கும் இடம் ஒன்றுதான் என்று முதலில் சரிபார்த்துக்கொண்டேன். பழுது தெரிந்த நிமிடமே வேலையை நிறுத்தியிருந்ததால் இரண்டாவதில் இருந்ததும் பழசாகிவிடவில்லை. நகலை மட்டும், படிக்க மட்டும் என்று திறந்தேன். எல்லாம் இருந்தது. நீங்கள் சொன்னபடி இரண்டாவது டிஸ்க்கைத் தூக்கிப் போட்டிருந்தால் அந்த 312 இடமும் ஓட்டையாகவே இருந்திருக்கும்.

மிரர் என்பது பேக்கப் அல்ல என்று உங்கள் மூன்றாவது பதிலில் எனக்குப் பாடம் வேறு. தெரியும் ஐயா. முடித்த வேலைக்கெல்லாம் என்னிடம் தனி பேக்கப் இருக்கிறது, கடைசி மூன்று வாரத்து மூலப் பதிவு மட்டும்தான் இன்னும் போகவில்லை.

இப்போது பெட்டியைத் திறந்து டிஸ்க்கைக் கழற்றியதால் உத்தரவாதம் செல்லாது என்கிறீர்கள். கழற்றச் சொன்னதே நீங்கள்தான், அந்தக் கடிதத்தை இணைத்திருக்கிறேன். ஸ்மார்ட் விவரமும் இரண்டு டிஸ்க்கின் வரிசை எண்களும் கூடவே இருக்கின்றன, அடுத்தடுத்த எண்கள், ஒரே தொகுப்பில் வந்தவை. அதனால் ஒன்றை மட்டும் மாற்றித் தந்தால் ஏற்க மாட்டேன், இரண்டையும் மாற்ற வேண்டும், பிழை மீட்பு நேரத்தைக் கட்டுப்படுத்தக்கூடிய டிஸ்க்குகளாக. பழையவற்றில் மற்றவர்களின் வீட்டு வீடியோ இருப்பதால் முழுதாக அழித்த பிறகுதான் அனுப்புவேன்.

அந்த மாதச் சோதனையை அடுத்த அப்டேட்டிலேயே இயக்கி வையுங்கள். ரீபில்ட் அழுத்தச் சொல்வதற்கு முன்னால் மீதமுள்ள டிஸ்க்கின் ஸ்மார்ட் விவரத்தைக் கேட்கவும், முதலில் நகலெடுக்கச் சொல்லவும் உங்கள் ஆட்களுக்கு எழுதிக் கொடுங்கள். இன்றைக்கும் யாரோ ஒருவர் சிவப்பு விளக்கைப் பார்த்துவிட்டு உங்களுக்கு எழுதிக்கொண்டிருப்பார்.

15 நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்