பட்டாளத்திலிருந்து வகுப்பறைக்கு ஒரு வழி வேண்டும்: பல்கலைக்கழக மானியக் குழுவுக்குத் திறந்த மடல்

பல்கலைக்கழக மானியக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். வேலூர் மாவட்டத்தில் ஓர் அரசு கலைக் கல்லூரியில் வரலாறு கற்பிக்கிறேன். தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பும் ஊர்கள் நிறைந்த மாவட்டம் இது. பணி முடித்து ஊர் திரும்பும் சிப்பாய்களையும் ஹவில்தார்களையும் சின்ன வயதிலிருந்தே பார்த்து வருகிறேன். முப்பத்தைந்து, நாற்பது வயதில் வருகிறார்கள். உடம்பில் தெம்பு இருக்கிறது, ஓய்வூதியம் வருகிறது, ஆனால் அடுத்த வேலை என்று அவர்கள் முன்னால் நீட்டப்படுவது பெரும்பாலும் இன்னொரு சீருடைதான். வங்கி வாசலிலோ அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டிலோ உட்காரும் காவலர் வேலை. அவர்களில் படிக்க ஆசைப்படுகிறவர் பல்கலைக்கழகத்துக்குள் மாணவராக வரவும், ஆய்வாளராக வளரவும், பேராசிரியராக நிற்கவும் நீங்கள் வழி அமைத்துத் தர வேண்டும். அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

அப்படி ஒரு வழி கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்க வரலாற்றாசிரியர் ஹோவர்ட் ஜின்னின் வாழ்க்கையைச் சொல்கிறேன். 1922-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். அப்பா, அம்மா இருவரும் புலம்பெயர்ந்து வந்த யூதத் தொழிலாளிகள். பள்ளி முடித்ததும் கப்பல் கட்டும் தளத்தில் வேலைக்குப் போனார். 1943-ல் அமெரிக்க வான்படையில் சேர்ந்து, பி-17 விமானத்தில் குண்டு வீசும் பணியாளரானார். பாசிசத்தை எதிர்க்கும் போர் என்று முழு மனதோடு நம்பிப் போனவர்.

1945 ஏப்ரல் நடுவில், ஐரோப்பாவில் போர் முடிய மூன்று வாரமே இருந்த நேரத்தில், பிரான்சின் ருவாயான் என்ற கடற்கரை ஊர்மேல் ஆயிரத்துக்கும் அதிகமான விமானங்கள் குண்டு மழை பொழிந்தன. அந்த ஊரில் ஒரு ஜெர்மானியப் படைப்பிரிவு முடங்கிக் கிடந்தது. அன்று வீசியதில் நேபாம் என்ற எரிகுழம்பும் இருந்தது. ஜின் அந்த விமானங்களில் ஒன்றில் இருந்தார். பல ஆயிரம் அடி உயரத்திலிருந்து பார்த்தவருக்குக் கீழே தீ மட்டும்தான் தெரிந்தது. அலறல் எதுவும் காதில் விழவில்லை. ஊர் திரும்பியதும் தன் பதக்கங்களையும் ராணுவத் தாள்களையும் ஓர் உறையில் போட்டு, அதன்மேல் 'இனி ஒருபோதும் கூடாது' என்று எழுதி வைத்தார்.

அடுத்த சில ஆண்டுகள் கிடைத்த வேலையெல்லாம் செய்தார். மனைவியோடும் கைக்குழந்தையோடும் எலிகள் ஓடும் நிலவறை வீட்டில் குடியிருந்தார். 27 வயதில் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவராகச் சேர்ந்தார். பகலில் வகுப்பு. மாலை நான்கு மணி முதல் நள்ளிரவு வரை கிடங்கில் லாரிக்குச் சரக்கு ஏற்றும் வேலை. 1952-ல் கொலம்பியாவில் முதுகலை, 1958-ல் அங்கேயே முனைவர் பட்டம். இவ்வளவுக்கும் கல்விக் கட்டணத்தை அரசுதான் கட்டியது.

அதற்குக் காரணமான சட்டத்தின் பெயரை நீங்கள் அறிவீர்கள். 1944 ஜூன் 22 அன்று அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட, ஜி.ஐ. பில் என்று எல்லோரும் சொல்லும் சட்டம். போரிலிருந்து திரும்பியவருக்கு ஆண்டுக்கு 500 டாலர் வரை கல்விக் கட்டணம் தந்தது. அன்றைக்கு ஹார்வர்டில் படிக்கவே அந்தத் தொகை போதும். அதோடு வாழ்க்கைச் செலவுக்கு மாதப் பணமும் உண்டு, குடும்பம் இருந்தால் கூடுதலாக. இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இதை வைத்துக் கல்லூரிப் படியேறினார்கள். 1947-ல் அமெரிக்கக் கல்லூரிகளில் படித்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் முன்னாள் படைவீரர்கள். சட்டம் வருவதற்கு முன்பு பெரிய பல்கலைக்கழகத் தலைவர்களே இதை எதிர்த்தார்கள். சிகாகோவின் ராபர்ட் ஹட்சின்ஸ், கல்லூரிகள் நாடோடிகளின் கூடாரமாகிவிடும் என்று எச்சரித்தார். ஹார்வர்டின் ஜேம்ஸ் கோனன்ட்டும் தரம் குறையும் என்று அஞ்சினார். சில ஆண்டுகளில் அதே கோனன்ட், ஹார்வர்ட் கண்ட சிறந்த மாணவர்கள் இவர்கள்தான் என்று ஒப்புக்கொண்டார்.

அந்தச் சட்டத்தில் பெரிய குறையும் இருந்தது. கறுப்பின வீரர்களுக்கும் உரிமை எழுத்தில் இருந்தது. ஆனால் தென் மாநிலங்களில் வெள்ளையர் கல்லூரிகள் அவர்களைச் சேர்க்கவில்லை, அவர்களுக்கென்று இருந்த கல்லூரிகளில் இடம் போதவில்லை. உரிமையை எழுதுகிறவர்கள் அதை நடைமுறைப்படுத்துகிறவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். நம் நாட்டுக்கும் இது பொருந்தும்.

ஜின் 1956-ல் அட்லாண்டாவில் கறுப்பினப் பெண்களுக்கான ஸ்பெல்மன் கல்லூரிக்கு ஆசிரியராகப் போனார். மாணவிகள் நிறவெறிக்கு எதிராகத் தெருவில் இறங்கியபோது கூடவே இறங்கினார். 1963-ல் நிர்வாகம் அவரை வெளியேற்றியது. அடுத்த ஆண்டு பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1988 வரை கற்பித்தார். 1966-ல் ருவாயானுக்கு நேரில் போனார். தான் மேலேயிருந்து எரித்த ஊரின் நூலகத்தில் உட்கார்ந்து ஆவணங்களைப் படித்தார், உயிர் பிழைத்தவர்களைச் சந்தித்துப் பேசினார், அந்தத் தாக்குதலுக்கு ராணுவத் தேவை என்று எதுவும் இல்லை என்று எழுதினார். ஒரு வரலாற்றாசிரியர் தன் கையால் நடந்ததையே ஆய்வுப் பொருளாக எடுத்து, ஆதாரம் தேடிப் போவது எவ்வளவு பெரிய காரியம்! என் மாணவர்களுக்கு ஆய்வு நேர்மை பற்றிச் சொல்ல நேரும்போதெல்லாம் இதைத்தான் சொல்கிறேன். அவர் எழுதிய வரலாற்றில் தளபதிகளையும் அதிபர்களையும்விடக் கூலிகளும் அடிமைகளும் படைவீரர்களும்தான் அதிகம் பேசுகிறார்கள். அவருடைய முடிவுகளோடு உடன்படாத வரலாற்றாசிரியர்கள் பலர் உண்டு. நானும் சில இடங்களில் உடன்படுவதில்லை. ஆனால் கிடங்கில் மூட்டை தூக்கிய, குண்டு வீசிய ஒருவருக்கு அந்தச் சட்டம் இல்லாமல் இருந்திருந்தால், அந்தக் கேள்விகள் பல்கலைக்கழகத்துக்குள் வந்தே இருக்காது.

இனி நம்மிடம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பிரதமரின் கல்வி உதவித்தொகைத் திட்டம் முன்னாள் படைவீரரின் பிள்ளைகளுக்கும் படைவீரரை இழந்த மனைவியருக்கும் உரியது. தொழில்முறைக் கல்லூரிகளில் முன்னாள் படைவீரர் ஒதுக்கீடு என்பதும் அவர்களின் பிள்ளைகளுக்கு. நல்ல திட்டங்கள்தான், என் வகுப்பிலேயே அப்படிப் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் பட்டாளத்தில் இருந்தவரே படிக்க விரும்பினால்? அவருக்குக் கிடைப்பது ஓய்வுக்கு முந்தைய குறுகிய காலத் தொழிற்பயிற்சி. அதிகாரிகளுக்கு மேலாண்மை நிறுவனங்களில் ஆறு மாதப் படிப்பு கிடைக்கிறது, சிப்பாய்க்குப் பாதுகாப்பு மேற்பார்வையும் கணினியும் போன்றவை. தன் பெயரில் மூன்று ஆண்டு, ஐந்து ஆண்டு உட்கார்ந்து படிக்க அவருக்கு உதவித்தொகை எங்கே?

உங்கள் கையில் நேரடியாக இருப்பது ஜே.ஆர்.எஃப். எனப்படும் இளநிலை ஆய்வு உதவித்தொகை. அதற்கு வயது வரம்பு 30. படையில் பணியாற்றியவருக்குப் பணிக்காலத்தைப் பொறுத்துத் தளர்வு உண்டு என்று விதி சொல்கிறது, ஆனால் எப்படிக் கூட்டினாலும் ஐந்து ஆண்டைத் தாண்டக் கூடாது என்றும் அதே விதி சொல்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 18 வயதில் சேர்ந்தவர் ஓய்வூதியம் பெறக் குறைந்தது 15 ஆண்டுகள் பணியாற்ற வேண்டும். 33 வயதாகிவிடுகிறது. பணியில் இருக்கும்போதே தொலைநிலைக் கல்வியில் இளங்கலை முடித்தவராக இருந்தாலும், வந்த கையோடு முதுகலை சேர்ந்தால் முடிக்கும்போது 35. ஓராண்டு தாமதித்தாலும் கதவு சாத்திவிடுகிறது. உதவிப் பேராசிரியர் தகுதிக்கான நெட் தேர்வுக்கு வயது வரம்பே இல்லை. அதாவது பாடம் நடத்த அவருக்கு வயதாகவில்லை, மாதம் 37,000 ரூபாய் ஆய்வு உதவித்தொகை பெறத்தான் வயதாகிவிட்டது. பிள்ளை குட்டியோடு இருக்கும் மனிதர் அந்த உதவித்தொகை இல்லாமல் முனைவர் பட்டம் செய்வது எப்படி?

2022 செப்டம்பரில் நீங்கள் வெளியிட்ட 'நடைமுறைப் பேராசிரியர்' வழிகாட்டுதலை வரவேற்றேன், இன்றும் வரவேற்கிறேன். 15 ஆண்டு அனுபவம் இருந்தால் பட்டம் இல்லாமலேயே கற்பிக்கலாம் என்றீர்கள், துறைகளின் பட்டியலில் ஆயுதப் படையையும் சேர்த்தீர்கள். கூடவே 'உயர் பொறுப்பில் இருந்தவருக்கு முன்னுரிமை' என்று ஒரு வரியும் இருக்கிறது. அந்த ஒரு வரி போதும், சுபேதாரின் விண்ணப்பம் அடுக்கின் அடியில் போய்விடும். தளபதிகள் வரட்டும், கற்பிக்கட்டும். ஆனால் படையில் மிகப் பெரும்பான்மையினர் அதிகாரிகள் இல்லை. அவர்களுக்குத் தெரிந்தது பல்கலைக்கழகத்துக்குத் தேவையில்லையா?

தேவை என்பதை என் வகுப்பிலேயே பார்த்தேன். முதுகலை வகுப்பில் ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் சேர்ந்திருந்தார். என்னைவிட மூத்தவர். எப்போதும் 'மேடம்' என்றுதான் கூப்பிடுவார், நான் அவரை 'சார்' என்பேன். முதல் உலகப் போரில் மெசப்பொட்டேமியாவின், அதாவது இன்றைய இராக்கின், கூத் நகர முற்றுகையைப் பாடமாக நடத்திக்கொண்டிருந்தேன். 1915 டிசம்பரில் தொடங்கி 1916 ஏப்ரல் 29 அன்று சரணடைந்ததில் முடிந்த முற்றுகை. உள்ளே சிக்கிய பிரிட்டிஷ் படையினரில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். உணவு தீர்ந்து குதிரைகளை அறுத்தபோது அவர்களில் பலர் மதத்தின் பொருட்டு அந்த இறைச்சியைத் தொட மறுத்தார்கள். மற்ற மாணவர்கள் தேதிகளைக் குறித்துக்கொண்டிருந்தார்கள். அவர் கையைத் தூக்கி, "மேடம், விறகு எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டார். மாவு இருந்தாலும் ரொட்டி சுட நெருப்பு வேண்டும், முற்றுகையில் சிக்கிய ஊரில் ஐந்து மாதம் எதை எரித்தார்கள் என்பது அவர் கேள்வி. பிறகு, பனிமலையில் தன் முகாமில் பனிக்கட்டியை மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் உருக்கித்தான் தண்ணீர் எடுப்பார்கள் என்றும், குக்கர் இல்லாவிட்டால் அந்த உயரத்தில் பருப்பு வேகவே வேகாது என்றும், மண்ணெண்ணெய் தூக்கி வரும் போர்ட்டர் வழுக்கி விழுந்தால் அன்றைக்கு எல்லோருக்கும் வெறும் பிஸ்கட்தான் என்றும் சொன்னார். இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார்கள். அந்த வாரம் மூன்று பேர் என்னிடம் வந்து, முற்றுகையில் எரிபொருளும் உணவும் பற்றிப் படிக்க என்ன இருக்கிறது என்று கேட்டுப் போனார்கள். நான் ஐந்து முறை அந்தப் பாடத்தை நடத்தியிருந்தாலும் அந்தக் கேள்வியைக் கிளப்பியிருக்க முடியாது.

அதே மெசப்பொட்டேமியாவில் காயம்பட்டு, குணமாக இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர் ஜே.பி.எஸ். ஹால்டேன். பிளாக் வாட்ச் படைப்பிரிவின் அதிகாரி. ஆக்ஸ்போர்டில் கணிதமும் கிரேக்க, லத்தீன் செவ்வியலும் படித்தவர், அறிவியலில் பட்டம் கிடையாது. ஆனாலும் மரபியலின் பெரிய பேராசிரியரானார். 1957-ல் இந்தியாவுக்கே வந்து கல்கத்தாவின் புள்ளியியல் நிறுவனத்தில் பணியாற்றி, 1964-ல் புவனேஸ்வரத்தில் இறந்தார். வந்த வழியைப் பார்த்து அவரைப் பல்கலைக்கழகம் திருப்பி அனுப்பவில்லை.

ஆகவே என் கோரிக்கை இது. ஜே.ஆர்.எஃப். வயது வரம்பில் படைப்பணி ஆண்டுகளை முழுமையாகக் கழித்துவிடுங்கள், ஐந்து ஆண்டு உச்சவரம்பை எடுத்துவிடுங்கள். நடைமுறைப் பேராசிரியர் வழிகாட்டுதலில் ஆயுதப் படையைப் பொறுத்தவரை அந்த 'உயர் பொறுப்பு' முன்னுரிமையை நீக்கி, சுபேதார்களும் ஹவில்தார்களும் விண்ணப்பிக்கலாம் என்று வெளிப்படையாக எழுதுங்கள். வருகிறவரைச் சுதந்திர தினத்தில் கொடியேற்றிப் பேச மட்டும் அழைக்காமல், பாடத்திட்டக் குழுவிலும் உட்கார வையுங்கள். அவர் போரைப் பற்றிச் சங்கடமான கேள்வி கேட்டால் அதற்கும் இடம் கொடுங்கள். ஜின்னை வேலையை விட்டு அனுப்பிய கல்லூரியே 2005-ல் பட்டமளிப்பு விழா உரையாற்ற அவரை அழைத்தது. அதற்கு 42 ஆண்டுகள் ஆயின. நாம் அவ்வளவு காலம் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இவற்றைவிட அவசரமானது அக்னிவீரர்கள் விஷயம். நான்கு ஆண்டுப் பணிக்குப் பிறகு 25 சதவீதம் பேர் வரைதான் படையில் தொடர்வார்கள் என்பது 2022-ல் அறிவித்த திட்டம். முதல் அணியினரின் நான்கு ஆண்டுகள் 2026 கடைசியிலும் 2027 தொடக்கத்திலும் முடிகின்றன. 21 முதல் 27 வயதுக்குள், ஓய்வூதியம் இல்லாமல், கையில் சேவா நிதி என்ற ஒருமுறைத் தொகையோடு வெளியே வருவார்கள். அவர்களுக்காக அறிவித்த ஒதுக்கீடுகளில் பெரும்பகுதி துணை ராணுவத்திலும் காவல்துறையிலும். கல்லூரியில் சேர மிகச் சரியான வயதில் இருப்பவர்களிடம் கல்லூரி என்ற பேச்சே அதிகம் எழவில்லை. இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பயிற்சிக் காலத்துக்குப் பாடப் புள்ளிகள் (கிரெடிட்) தந்து ஒரு பட்டப்படிப்பு நடத்துகிறது. அது ஒரு தொடக்கம். வெளியே வந்தபின் நேரடி வகுப்பில் சேர விரும்புகிறவருக்குக் கட்டண விலக்கும், படிக்கும் காலம் முழுக்க மாத உதவித்தொகையும் வேண்டும். சேவா நிதியைக் கரைத்துத்தான் படிக்க வேண்டும் என்றால் வீட்டில் விடமாட்டார்கள், தங்கை கல்யாணமும் கடனும் முன்னால் நிற்கும்.

பாதுகாப்பு அமைச்சகத்தோடும் மாநில முன்னாள் படைவீரர் நலத்துறைகளோடும் பேசி, வரும் கல்வியாண்டுச் சேர்க்கைக்கு முன்பே ஒரு வரைவை வெளியிட்டு, எங்களைப் போன்ற அரசுக் கல்லூரிகளிடம் கருத்துக் கேளுங்கள். எங்கள் துறையில் முதுகலைக்கு மாலை நேர வகுப்பு நடத்த ஆசிரியர்கள் தயாராக இருக்கிறோம். கூடுதல் இடங்களுக்கு அனுமதியும் உதவித்தொகைக்கு நிதியும் உங்களிடமிருந்து வர வேண்டும்.

அன்புடன்,
வரலாற்றுத் துறை ஆசிரியை ஒருவர்
வேலூர் மாவட்டம்