பொட்டு வைத்த ஆறரைக் கட்டை

பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும், இடமில்லாமல் சுவரோரம் நின்றே பிள்ளைகளின் ‘கண்மாய்க் கச்சேரி’ நாடகத்தைப் பார்த்த ஊர்க்காரர்களுக்கும் வணக்கம்.

செவ்வாய்க்கிழமை நடந்ததை இங்கே திரும்பச் சொல்லப் போவதில்லை. வாட்சப் குழுவில் இருக்கும் எல்லாருக்கும் அது தெரியும். பாட்டுகளுக்குப் பின்னால் ஓட வேண்டிய பதிவு இசை, அதாவது ட்ராக், போயிற்று. கையில் இருந்தது 4 நாள், 7 பாட்டு, 42 பிள்ளைகள். சனிக்கிழமை ராத்திரி திரை இறங்கியபோது ஏழு பாட்டும் பாடி முடிந்திருந்தது. பந்தலை இன்னும் பிரிக்கவில்லை. அதற்குள் இதை எழுதிவிடுகிறோம்.

முதல் நன்றி, பேத்தியைக் கூட்டிப்போக வந்த பெட்டிக்கார (ஆர்மோனியக்கார) ஐயாவுக்கு. பெயர் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார். தனித்தனி நடிகர்களைச் சேர்த்து ஊர்களில் நடத்தும் இசை நாடகமான ஸ்பெஷல் நாடகத்தில் பல வருஷம் ஆர்மோனியமும் பின்பாட்டுமாக இருந்தவர் என்று சொன்னால் மதுரைப் பக்கத்துக்காரர்களுக்குப் போதும். புதன்கிழமை சாயங்காலம் ஒத்திகை அறை வாசலில், செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று இரண்டு பாட்டுக் கேட்டார். “பாட்டு நல்லாத்தான் இருக்கு. ஒசரத்த யாரு வச்சது?” என்றார்.

வைத்தது பாட்டு எழுதிய நாங்கள்தான். வளர்ந்த ஆண்கள் 2 கட்டைச் சுருதியில் (கட்டை என்பது ‘ஸ’ நிற்கும் உயரத்தின் கணக்கு) முனகிப் பார்த்து எழுதிய மெட்டுகள் அவை. பிள்ளைகள் அதை ஒரு ஸ்தாயி மேலே தூக்கித்தான் பாடுவார்கள். பல்லவிவரை தொந்தரவு இல்லை. சரணம் மேல் காந்தாரத்தை (மேல் ஸ்தாயி ‘க’வை) தொடும் இடத்தில் எட்டு வயதுத் தொண்டையால் பாட முடியாது, கத்தத்தான் முடியும். “சத்தமாப் பாடு” என்று சொல்லச் சொல்ல அது இன்னும் மோசமாகும். இரண்டு வாரமாக நடந்தது இதுதான். ட்ராக்கின் இரைச்சலில் அது வெளியே தெரியவில்லை.

ஐயா பெட்டியைத் திறந்து 2 கட்டையிலிருந்து ஒவ்வொன்றாகக் கீழே வந்தார். ஒன்றரை, ஒன்று, ஏழு, ஆறரை (ஒன்றுக்குக் கீழே வருவது கீழ் ஸ்தாயியின் ஏழு). ஒவ்வொன்றிலும் சரணத்தின் உச்ச வரியை மட்டும், தவளை வேஷம் போட்ட கூட்டத்தைப் பாட வைத்தார். ஆறரையில் கழுத்து நரம்பு தெரியாமல் பாடினார்கள். அங்கேயே நின்றார். கீழ் ஸட்ஜத்தையும் (‘ஸ’வையும்) ஒரு முறை தொடச் சொல்லிப் பார்த்தார், அது முணுமுணுப்பாகக் கரைந்துவிடக் கூடாது என்பதற்காக. மேலே இருக்கும் சிக்கலைத் தீர்க்கிறேன் என்று சுருதியை இறக்கிக்கொண்டே போனால் பல்லவி காதில் விழாது. மேல் நுனி, கீழ் நுனி இரண்டையும் பார்த்துத்தான் நடுவில் ஸட்ஜத்தை வைக்க வேண்டும்.

ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட்டும் (நாயகன்) ஸ்திரீபார்ட்டும் (நாயகி) கூட்டு ஒத்திகை இல்லாமல் நேராக மேடையில் சந்திப்பவர்கள். அவரவர் சுருதிக்குப் பெட்டிதான் வளைந்து கொடுக்க வேண்டும். அந்தப் பழக்கம் எங்களில் ஒருவருக்கும் இல்லை.

அதற்குமேல் அவர் செய்ததுதான் நாங்கள் எதிர்பாராதது. சனிக்கிழமை வந்து வாசித்துக் கொடுங்கள் என்று கேட்டோம். “நான் வாசிச்சா நான்தான் வாசிச்சதா இருக்கும்” என்று சொல்லிவிட்டு, ஒன்பதாம் வகுப்பில் கொஞ்சம் கீபோர்டு தெரிந்த ஒரு பெண்ணைக் கூப்பிட்டார். பேத்தியின் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து ஆறரைக் கறுப்புக் கட்டைமேல் ஒட்டினார். “இது ஸ. இத விட்டு எங்க போனாலும் இங்க வந்துரு.” அவ்வளவுதான் பாடம். ஏழு பாட்டுக்கும் சுருதி ஒன்றே என்று ஆக்கிவிட்டதால் அந்தப் பெண் வேறு எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் ஸ-ப பிடிப்பது, எடுப்பின் (பாட்டுத் தொடக்கத்தின்) முதல் நாலு ஸ்வரத்தை வாசிப்பது, பிறகு கூடவே போவது. மூன்று சாயங்காலத்தில் கற்றுக்கொண்டாள்.

பெட்டியை மேடைக்குக் கீழே வைத்திருந்தோம். மேடைமேல் பக்கவாட்டுக்கு மாற்றச் சொன்னார். நாடகமேடையில் பின்பாட்டு உட்காரும் இடம் அது. ஒரு கை துருத்தியிலும் ஒரு கை கட்டையிலும் இருப்பதால் எடுப்புக்குச் சைகை தலையால்தான் தர முடியும். பிள்ளைகளுக்கு அந்தத் தலை தெரிய வேண்டும்.

ராஜா வேஷம் போட்ட எட்டாம் வகுப்புப் பையனுக்கு மகரக்கட்டு, அதாவது வளரும் வயதில் குரல் உடைவது. டிசம்பரில் தேர்வு செய்தபோது இருந்த குரல் இப்போது இல்லை. 1918-இல் நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினாரே, பையன்களே நடித்த அந்தக் காலத்துப் பாய்ஸ் கம்பெனிகளிலேயே வாத்தியார்களைப் பயமுறுத்திய சங்கதி இது. நாங்கள் ஆளை மாற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தோம். ஐயா பாட்டை மாற்றினார். மூன்று வரியைப் பெட்டியின் சுருதிமேல் வசனமாகப் பேசச் சொல்லி, நாலாவது வரியைக் கொக்கு வேஷக் கூட்டத்திடம் கொடுத்துவிட்டார். பையன் அழவில்லை. உடைகிற குரலை இழுத்துப் பாட வைத்திருந்தால் மேடையிலேயே அழுதிருப்பான்.

வரிகளிலும் கை வைத்தார். இதைப் பாட்டு எழுதுகிறவர்கள் எல்லாரும் குறித்துக்கொள்ளலாம். “மடையை விடு” என்று ஒரு வரி. நீள ஸ்வரம் ‘வி’யில் விழுந்திருந்ததால் பிள்ளைகள் பாடியது “மடையை வீடு”. “மழை” என்பது “மாழை” ஆகியிருந்தது. இழுக்கிற ஸ்வரம் நெடிலில் விழ வேண்டும், குறிலில் விழுந்தால் பொருள் போய்விடும். வரி ‘ம்’மில் முடிந்தால் வாய் மூடிக்கொள்ளும், பின்வரிசைக்குச் சத்தம் போகாது. “வரணும் மழைநீரும்” என்றிருந்ததை “மழையே நீ வா வா” என்று மாற்றியதும் அதே பிள்ளைகள், அதே மைக், சத்தம் இரண்டு மடங்கு. இரண்டாம் வகுப்பில் பாதிப் பேருக்கு முன்பல் இல்லை. அவர்களின் பாட்டில் ‘ச’ அதிகம் இருந்தது எங்கள் முட்டாள்தனம்.

ஸ்பெஷல் நாடகத்தில் ‘ஆல்ரவுண்டு’ என்று ஓர் ஆள் இருப்பார், சத்தங்களெல்லாம் அவர் பொறுப்பு. நமக்கும் ஒருவர் வேண்டும் என்றார். முறத்தில் இரண்டு கைப்பிடித் துவரம்பருப்பைப் போட்டு மெல்லச் சாய்த்தால் தூறல், வேகமாகச் சுற்றினால் அடைமழை. ஒரு ஆள் உயரத் தகர ஷீட்டை மேல்முனையில் பிடித்து உதறினால் இடி. தட்டினால் தகரச் சத்தம்தான் வரும், உதற வேண்டும்.

சனிக்கிழமை ஐயா மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார். நாலாவது பாட்டு, தவளைகளுடையது. மூன்றாவது வரியில் ஓரத்துத் தவளை ஒன்று தனியாகப் பாட வேண்டிய இடம். பாடவில்லை. கூட்டத்தில் அம்மாவைப் பார்த்துவிட்டு, வாயைத் திறந்தபடி நின்றுகொண்டிருந்தது. ட்ராக்காக இருந்தால் இசை தன்பாட்டில் ஓடியிருக்கும், பின்னால் வரும் 11 தவளைகளும் குழம்பியிருக்கும். பெட்டியிலிருந்த பெண் பொட்டு வைத்த கட்டையில் விரலை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தாள். துருத்தி மட்டும் அசைந்தது. ஆல்ரவுண்டுப் பையன் முறத்தை எடுத்துக் கொஞ்சம் தூறல் போட்டான், அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அவள் எடுப்பை மறுபடி வாசித்து, தலையை ஒரு முறை ஆட்டினாள். தவளை பாடிற்று. அது நாடகத்தில் உள்ளதுதான் என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. ஐயா கைதட்டவில்லை. தொடையில் போட்டுக்கொண்டிருந்த தாளத்தை நிறுத்தியிருந்தார், அப்போது மறுபடி தொடங்கினார்.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம், குறைவாக நினைக்க வேண்டாம். மைக் செட் அண்ணன் ஸ்பீக்கர் பெட்டிகளை மைக்குக்கு முன்பக்கம் தள்ளிவைத்தார், அதனால்தான் ‘கூ’வென்ற சத்தம் ஒரு முறைகூட வரவில்லை, சட்டை மைக்குகள் ஜரிகையில் உரசும் என்று கழற்றிவிட்டு, ஸ்டாண்டு மைக் மூன்றைக் குழந்தை உயரத்துக்கு இறக்கியதும் அவர்தான். தையல்கார அக்கா முடிச்சுக் கயிறுகளை எல்லாம் பிரித்து வெல்க்ரோ வைத்துக் கொடுத்தார், இல்லையென்றால் ஒரு பாட்டு முடிவதற்குள் முக்குளிப்பான் வேஷப் பறவை நாமக்கோழி வேஷத்துக்கு மாறியிருக்க முடியாது. மேடையில் கலர் டேப் ஒட்டி நிற்குமிடம் குறித்த ஆறாம் வகுப்பு ஆசிரியை, ஒத்திகை நாள்களில் பஸ்ஸைத் தாமதமாக எடுத்த டிரைவர் அண்ணன்கள், வெந்நீர் ஃப்ளாஸ்க்கோடு வந்த பாட்டிகள், தகர ஷீட் கொடுத்த பழைய இரும்புக் கடைக்காரர், சுண்டல் கொண்டுவந்த அம்மாக்கள், ராத்திரி பத்து மணிவரை கேட்டைத் திறந்து வைத்திருந்த வாட்ச்மேன் தாத்தா, அனைவருக்கும் நன்றி.

அடுத்த வருஷ நாடகத்துக்கு ஒரு வரிகூட எழுதும் முன், பாடப் போகும் பிள்ளைகளை உட்கார வைத்து மேல் நுனியும் கீழ் நுனியும் பார்த்துவிடுவோம். ட்ராக் இருக்காது. பெட்டிதான். வாசிக்கக் கற்றுக்கொள்ள விருப்பமுள்ள பிள்ளைகள் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் வரலாம். பெட்டி இசை அறையிலேயே இருக்கிறது, பொட்டை யாரும் பிய்த்துவிடாதீர்கள்.

சலங்கை ஒரு ஜதையில் ஒற்றைக் கால்தான் திரும்பி வந்திருக்கிறது. கொக்கு மூக்கு இரண்டு காணோம். யார் வீட்டுப் பையிலாவது இருந்தால் திங்கட்கிழமை கொடுத்தனுப்புங்கள், இரவல் வாங்கியவை.

— நாடகக் குழு